கத்தி பட்டால் பரவுமா, நெறியை எடுத்தால் நிற்குமா?

04.08.2024, மாலை 6.20 (கேள்வி)

சித்தப்பாவுக்கு வயது 52. நாக்கின் ஓரத்தில் 3 மாதமாக ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருக்கிறது. ஆனால் டாக்டர் நாக்கோடு சேர்த்துக் கழுத்தையும் திறந்து நெறிகளை எடுக்க வேண்டும் என்கிறார். ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்குக் கத்தி? பில்லை ஏற்றவா? கத்தி பட்டால்தான் இந்த நோய் பரவும் என்று எங்கள் ஊரில் (திண்டுக்கல் பக்கம்) எல்லோரும் சொல்கிறார்கள். சித்தி அழுதுகொண்டே இருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

04.08.2024, இரவு 11.10 (பதில்)

கத்தி பட்டுப் பரவாது. சித்தியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. போன தலைமுறையில் வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கே போவார்கள். வயிற்றைத் திறந்தால் எல்லா இடத்திலும் இருக்கும். ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்புவார்கள், 2 மாதத்தில் ஆள் போய்விடுவார். ஊர் பார்த்தது கத்தியை மட்டும்தான். உள்ளே ஏற்கெனவே இருந்ததை யார் பார்த்தார்கள்? பழி கத்தி மேல் விழுந்தது.

ஊசி போன தடத்தில் செல் சிந்துவது உண்டு, ஆனால் மிக அரிது. விதைப்பைக் கட்டி போன்ற சிலவற்றில் மட்டும் ஊசி போட்டுப் பார்க்காமல் நேராக எடுத்துவிடுவார்கள். வாய்ப்புண்ணில் துளி சதை எடுப்பது அந்தக் கணக்கில் வராது.

நான் டாக்டர் இல்லை. 26 வருடம் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன், வேலையை விட்டு 2 வருடம் ஆகிறது. அறுவை அறையிலிருந்து பக்கெட்டில் வருவதைத்தான் பார்த்திருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. ஆளாகப் பார்த்தது என் அம்மாவை. 2013-ல் இடது மார்பில் புற்று. அக்குளில் இருந்த நெறியெல்லாம் எடுத்தார்கள், 17. அதில் நோய் இருந்தது 1. கை வீங்கிப் போனதுதான் மிச்சம்.

அதனால் கேட்கிறேன் தம்பி, மொத்தமாக எடுப்பதெல்லாம் பழைய வழக்கம். இப்போது எல்லா இடத்திலும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அவசியமா என்று டாக்டரிடம் அழுத்திக் கேளுங்கள்.

05.08.2024, காலை 7.05

நெறி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நிணநீர்க் கணு என்று பாடப்புத்தகத்தில் வருவதும் பாட்டி சொன்ன நெறியும் ஒன்றுதான். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று தட்டுப்படும். "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்க புண்ணுன்னு பாரு" என்பார் பாட்டி. கையில் புண் என்றால் அக்குள். தலையில் சிரங்கு என்றால் காதுக்குப் பின்னால். உடம்பில் எந்த ஊர் வாய்க்கால் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பது அவருக்கு அத்துப்படி. புற்று டாக்டர்களும் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறார்கள்: நாக்கு என்றால் தாடைக்குக் கீழும் கழுத்தின் மேல்பகுதியும், மார்பு என்றால் அக்குள்.

ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரைத் திருப்பி எடுத்துப்போகும் மெல்லிய குழாய்கள் உடம்பு முழுக்க இருக்கின்றன. இதயம் போல ஒரு பம்பு இவற்றுக்குக் கிடையாது. குழாயின் சொந்தச் சுருக்கமும் நாம் கைகாலை அசைப்பதும்தான் நீரைத் தள்ளுகின்றன. பின்னால் வராமல் தடுக்க உள்ளே வால்வு உண்டு. தொடங்கும் நுனியில் சுவர் ஒற்றைச் செல் கனம்தான், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருக்கும், இடுக்கு வழியாக நீர் நுழையும். கிருமி நுழையும். புற்றுச் செல்லும் நுழையும். ரத்தக் குழாயின் சுவரைத் துளைப்பதைவிட இது சுலபம்.

போகிற வழியில் கணுக்கள். உடம்பில் சுமார் 600 என்பார்கள். புற்றுச் செல் முதலில் கணுவின் மேலுறைக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில் போய் உட்காரும். கண்ணாடித் தகட்டில் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஊதா நிறத்தில் நெருக்கமாகப் புள்ளி வைத்த கோலம்போல நிணச் செல்கள், அதன் ஓரத்தில் மட்டும் பெரிது பெரிதாக ஒழுங்கில்லாமல் ஒரு கூட்டம். கல்யாணப் பந்தியில் அழைக்காமல் வந்தவர்கள் கடைசி வரிசையில் உட்காருவதுபோல. பிறகு உள்ளே நகர்ந்து, கணுவையே நிரப்பி, உறையைக் கிழித்து வெளியே வரும்.

கணு என்பது ஒரு வடிகட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

05.08.2024, பிற்பகல் 2.40

"வடிகட்டி" என்று எழுதிவிட்டேன், சாப்பிடும்போது உறுத்தியது. வடிகட்டியில் டீத்தூள் தங்கும், டீ இறங்கும். இங்கே டீத்தூள் வடிகட்டியிலேயே முளைத்து அடுத்த வீட்டு டம்ளரில் போய் விழுகிறது. உவமை போதவில்லை.

05.08.2024, இரவு 9.30

நெறி கட்டினாலே புற்று என்று யாரும் பதற வேண்டாம். சொத்தைப் பல்லுக்கும் கட்டும், தொண்டைப் புண்ணுக்கும் கட்டும். கழுத்தைச் சுற்றி வரிசையாகக் கட்டுவதைக் கண்டமாலை என்பார்களே, அதில் பெரும்பகுதி காசநோய்தான். வலியில்லாமல், கல் போல, அசைத்தால் நகராமல், வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே இருப்பதைத்தான் கவனிக்க வேண்டும். கழுத்துக் கட்டியை எடுத்த எடுப்பில் வெட்டிப் பார்ப்பதும் சரியில்லை. வாயிலும் தொண்டையிலும் மூலம் இருக்கிறதா என்று தேடிவிட்டு, கட்டியில் ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதுதான் முறை.

07.08.2024, இரவு 12.15

தூக்கம் வரவில்லை. முதல் நாள் நான் சொன்னது தப்பு. திருத்துகிறேன், முழுதாகப் படியுங்கள், டாக்டரிடம் சண்டைக்குப் போயிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

என் அம்மாவின் கதையை உங்கள் சித்தப்பாவின் கழுத்தில் ஒட்டிவிட்டேன். மார்பு வேறு, வாய் வேறு.

உங்கள் கேள்வியையே, அதாவது வாய்ப்புற்று சின்னதாக இருந்து கழுத்தில் ஒன்றும் தெரியாதபோது கழுத்தை உடனே எடுப்பதா, காத்திருந்து வந்தால் எடுப்பதா என்பதையே, மும்பை டாடா மெமோரியலில் ஆய்வாகச் செய்திருக்கிறார்கள். அனில் டி'குரூஸ் தலைமையில், 2004-ல் தொடங்கியது. முடிவு 2015-ல் வந்தது. உலகம் முழுக்க இருந்த பழைய குழப்பம் நம் நாட்டு நோயாளிகளை வைத்துத் தீர்ந்தது. வெற்றிலை, புகையிலை புண்ணியத்தில் நம்மிடம் வாய்ப்புற்றுக்குப் பஞ்சமில்லை. இதில் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

முதல் 500 பேரைச் சீட்டுக் குலுக்கல் மாதிரி இரண்டாகப் பிரித்த கணக்கு இது. உடனே கழுத்தையும் எடுத்தவர்களில் 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80%. காத்திருந்து, கழுத்தில் வந்தால் மட்டும் எடுப்பது என்று விட்டவர்களில் 67.5%. நோய் திரும்பாமல் இருந்தது 69.5%-க்கு எதிராக 45.9%. இடைக்கணக்கிலேயே வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 8 பேருக்குக் கழுத்தை எடுத்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். உடனே எடுத்தவர்களில் சுமார் 30% பேருக்குத்தான் கணுவில் நோய் இருந்தது. மீதி 70% பேருக்கு எடுத்தது வீண்தான். ஆனால் அந்த 30% யார் என்று முன்கூட்டிச் சொல்ல ஸ்கேனால் முடியவில்லை. ஸ்கேனில் தெரிய ஓர் அளவு வேண்டும். கணுவுக்குள் 2, 3 மில்லிமீட்டர் கூட்டம் உட்கார்ந்திருந்தால் ஸ்கேன் "சுத்தம்" என்றுதான் எழுதும். ஸ்கேன் பொய் சொல்லவில்லை, அதன் கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும்.

புண் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். அகலத்தைவிட ஆழம்தான் கழுத்துக்குப் போகிற வாய்ப்பைச் சொல்கிறது. 3 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் காத்திருப்பதில் அர்த்தம் இருக்கலாம். 4-ஐத் தாண்டினால் கழுத்தையும் எடுப்பதே வழக்கம்.

07.08.2024, காலை 10.00

பில் பற்றி: ஆஸ்பத்திரி பில் ஏற்றுவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வயசாகிவிட்டது. ஆனால் இந்த விஷயத்தில் உங்கள் டாக்டர் சொன்னது ஆய்வு சொன்னது.

11.08.2024, இரவு 8.45

"அப்படியானால் மார்பில் மட்டும் ஏன் குறைக்கிறார்கள்? கணுதானே, ரெண்டும் ஒன்றுதானே?" தம்பி கேட்டது நல்ல கேள்வி. 3 நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பால்டிமோரில் ஹால்ஸ்டெட் என்று ஒரு சர்ஜன், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். புற்று மூலத்திலிருந்து வரிசையாக, படிப்படியாக, முதலில் அக்குள், பிறகுதான் மற்ற இடம் என்று போகும் என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் அது போகும் முன்பே வழியெல்லாம் வெட்டிவிட வேண்டுமில்லையா? மார்பு, அதன் அடியில் இருக்கும் தசைகள், அக்குள், எல்லாம் எடுத்தார். சுமார் 70, 80 வருடம் உலகம் முழுக்க அதுதான் சிகிச்சை. விலா எலும்பு தெரிய, கை தூக்க முடியாமல் எத்தனை பெண்கள்.

பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர் 1971-ல் இதைச் சோதிக்க ஆரம்பித்தார். கணு தட்டுப்படாத பெண்களில் ஒரு பிரிவுக்கு ஹால்ஸ்டெட் முறை, ஒரு பிரிவுக்கு மார்பை எடுத்துக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்கு மார்பை மட்டும் எடுத்து அக்குளைத் தொடாமல் விட்டார்கள். 25 வருடம் கழித்துப் பார்த்தால் உயிர்பிழைப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. அக்குளை எடுத்தவர்களில் சுமார் 40% பேருக்குக் கணுவில் நோய் இருந்தது. அப்படியானால் எடுக்காமல் விட்டவர்களிலும் அதே அளவுக்கு இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களில் பின்னால் அக்குளில் கட்டியாக வெளிவந்தது சுமார் 18% பேருக்குத்தான். பாதிக்கு மேல் உள்ளேயே கிடந்தது, வளரவில்லை. கணுவுக்குள் போன புற்றுச் செல் எல்லாம் பிழைப்பதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கணு என்பது நம் எதிர்ப்புச் செல்கள் பயிற்சி எடுக்கும் இடமும் அல்லவா.

மார்பில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் அக்குளில் இருப்பது இல்லை, ரத்தம் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் முன்பே போய்விட்டது. அதைப் பிடிப்பது மாத்திரையும் கீமோவும்தான். அக்குளில் மிச்சம் மீதி இருந்தாலும் கதிர்வீச்சும் அதே மருந்துகளும் பார்த்துக்கொள்கின்றன. வாய்ப்புற்றில் ஆள் போவது பெரும்பாலும் வாயிலோ கழுத்திலோ நோய் திரும்புவதால்தான். காத்திருந்து கழுத்தில் கட்டி தெரியும்போது பலருக்கு அது கணுவின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறது. அங்கே இருப்பது கழுத்து, பெரிய ரத்தக் குழாய், நரம்பு. அப்போது எடுப்பது லேசில்லை.

13.08.2024, காலை 6.50

கணுவிலிருந்து புற்று அடுத்த இடத்துக்கு எப்படிப் போகிறது என்பதில்கூட ஒரே பதில் இல்லை. நிணநீர்க் குழாய்களில் பெரும்பாலானவை கடைசியில் இடது கழுத்தின் அடியில் பெரிய சிரையில் கலக்கின்றன. அதனால்தான் வயிற்றுப் புற்று சிலருக்கு இடது காறை எலும்புக்கு மேல் நெறியாகத் தெரியும். ஜெர்மன் டாக்டர் ஃபிர்ஷோ 1848-லேயே சொல்லிவிட்டார். 2018-ல் எலிகளை வைத்து இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டியது, புற்றுச் செல் அவ்வளவு சுற்றிப் போக வேண்டியதில்லை, கணுவுக்குள்ளேயே இருக்கும் ரத்தக் குழாயில் ஏறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று. அதற்கு முந்தைய வருடம் பெருங்குடல் புற்று நோயாளிகள் 17 பேரின் திசுவில் மரபணு வம்சாவளி பார்த்தார்கள். 65%-ல் கணுவில் இருந்ததும் கல்லீரல் போன்ற தூர இடத்தில் இருந்ததும் மூலக் கட்டியின் வேறு வேறு கிளை. அதாவது கணு வழியாகப் போகவே இல்லை, தனித்தனியாகக் கிளம்பியவை. மீதி 35%-ல் ஒரே கிளை.

ஆக, சில நேரம் கணு ஒரு ஜங்ஷன். சில நேரம் முட்டுச்சந்து. வடிகட்டியை விட்டுவிட்டேன், இனி ரயில்தான்.

18.08.2024, ஞாயிறு

அம்மா கதையைச் சொல்கிறேன், யாரோ கேட்டீர்கள். நீளம்.

முதலில் சென்டினல் கணு என்றார்கள், காவலுக்கு முன்னால் நிற்கும் கணு. கட்டியின் பக்கத்தில் நீலச் சாயம் ஊசி போட்டால் அது எந்தக் கணுவுக்கு முதலில் ஓடுகிறதோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்பது. அதில் இல்லை என்றால் மற்றவற்றில் இருக்க வாய்ப்புக் குறைவு, அக்குளை விட்டுவிடலாம். 1977-ல் பராகுவேயில் கபானாஸ் என்பவர் ஆண்குறிப் புற்றுக்காகச் சொன்ன யோசனை, 90-களில் மார்புக்கு வந்தது. மயக்கத்தில் இருக்கும்போதே கணுவை உறையவைத்து, சீவி, அரை மணிக்குள் சொல்லிவிடுவார்கள். அந்த வேலையை நான் பல நூறு முறை செய்திருக்கிறேன். அன்றைக்கு வேறு ஊர், வேறு கூடம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 35 நிமிடம் ஆனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. சுத்தம் என்றால் இவ்வளவு நேரம் ஆகாது, இன்னொரு சீவல் போட்டுப் பார்க்கிறார்கள்.

நோய் இருந்தது. அக்குளை முழுக்க எடுத்தார்கள்.

அன்று இரவு அம்மா பாத்ரூமிலிருந்து கத்தினார். சிறுநீர் பச்சையாகப் போகிறது. சாயம் வெளியேறுகிறது, அவ்வளவுதான், ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "எனக்குள்ள என்னத்தடி ஊத்துனாங்க" என்றார். மறுநாள் சிரித்தோம்.

அக்குளில் ஒரு குழாய், முனையில் பை. தினம் எவ்வளவு நீர் என்று ஒரு பழைய டைரியில் எழுதுவேன். முதல் நாள் 140 மில்லி, பிறகு 110, 90. 30-க்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள் என்றார்கள். 11-ஆம் நாள் வந்தது. அந்தப் பையை மறைக்கத் துணிப்பை ஒன்று தைத்து இடுப்பில் கட்டிவிட்டேன், கோயில் உண்டியல் மாதிரி இருக்கிறது என்றார் அம்மா.

ஒரு விஷயம், அக்குளில் எடுத்தது எங்களுக்கு எப்படி வரும் தெரியுமா? கணுவாக வராது. உள்ளங்கை அளவு மஞ்சள் கொழுப்பாக வரும். அதைப் பிசைந்து பிசைந்து கணுவைத் தேட வேண்டும், அதிரச மாவுக்குள் விழுந்த துவரம்பருப்பைத் தேடுவதுபோல. சும்மா இருக்கும் கணு வழுக்கும், பழுப்பாக இருக்கும். நோய் ஏறியது கெட்டியாக, வெட்டினால் வெள்ளையாக இருக்கும். "17-ல் 1" என்று அறிக்கையில் படிக்கிறீர்களே, அந்த 17 என்பது தேடுகிறவர் பொறுமையையும் பொறுத்தது.

2 வருடம் கழித்து இடது கை வீங்கியது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், ரவிக்கை இடது கையில் மட்டும் தையல் தடம் பதிந்திருந்தது. தையல் டேப்பால் அளந்தேன். வலது 28 செ.மீ., இடது 32. இப்போதும் மாதம் ஒரு முறை அளக்கிறேன். முழுக்கை இறுக்க உறை மாட்டிக்கொண்டு சித்திரை மாதம் திருச்சியில் இருப்பது என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

என் கோபம் இதுதான். கியுலியானோ என்பவரின் ஆய்வு 2011-லேயே வந்துவிட்டது. சென்டினல் கணு 1, 2-ல் நோய் இருந்தாலும் அக்குளை முழுக்க எடுக்காமல் விட்ட பெண்கள் அதே அளவு நன்றாக இருந்தார்கள். 10 வருடக் கணக்கு பின்னால் வந்தது: எடுக்காதவர் 86.3%, எடுத்தவர் 83.6% உயிரோடு. அம்மாவுக்குச் செய்தது 2013. படித்திருக்க வேண்டாமா?

19.08.2024, மாலை 5.15

ஒருவர் தனியாக எழுதினார், சர்ஜன் போல இருக்கிறது, நேராகவே குத்தினார்: "அந்த ஆய்வு மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, மார்பு முழுக்கக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கு. உங்கள் அம்மாவுக்கு என்ன செய்தார்கள்?"

மார்பை முழுக்க எடுத்தார்கள். கதிர்வீச்சு இல்லை.

11 வருடமாக ஒரு கோபத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், அது ஆள் மாறிய கோபம். கதிர்வீச்சின் ஓரம் அக்குளின் கீழ்ப்பகுதியிலும் படும், அதுவும் அந்த முடிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார். அந்தப் பாதுகாப்பு அம்மாவுக்கு இல்லை. 2013-ல் செய்தது அன்றைய அறிவுக்குச் சரி.

19.08.2024, இரவு 10.30

விடவில்லை, இன்னும் படித்தேன். இந்த வருடம் ஏப்ரலில் வந்த செனோமாக் என்ற ஐரோப்பிய ஆய்வில் மார்பை முழுக்க எடுத்த பெண்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். அங்கேயும் அக்குளை விட்டதால் நோய் அதிகம் திரும்பவில்லை, ஆனால் பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். 2014-ல் வந்த இன்னொன்றில் அக்குளை வெட்டுவதற்குப் பதில் கதிர்வீச்சு கொடுத்தால் நோய்க் கட்டுப்பாடு ஒன்றுதான், 5 வருடத்தில் கை வீக்கம் 23%-க்குப் பதில் 11%.

இன்றைக்கு என்றால் அம்மாவின் கை தப்பியிருக்கும். 2013-ல் இல்லை. கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை, சரி விடுங்கள்.

தம்பி, 22-ஆம் தேதி அறுவை என்று எழுதியிருந்தீர்கள். போய் வாருங்கள்.

25.08.2024

முள்சீத்தா இலைக் கஷாயம், எலுமிச்சைத் தண்ணீர், "நிணநீர் மசாஜ் செய்தால் புற்று கரையும்". மூன்றும் ஒரே நாளில் என் வாட்ஸ்அப்புக்கு வந்தன, மூன்றும் ஒரே மாமாவிடமிருந்து. அவருக்குச் சர்க்கரை 280.

இலைக் கஷாயம் கணுவுக்குப் போகிறவற்றைத் தடுத்ததாக மனிதரிடம் யாரும் காட்டவில்லை. கட்டி தன் பக்கம் புது நிணநீர்க் குழாய்களை வளர்த்துக்கொள்ள அனுப்பும் சமிக்ஞையை அடைக்கும் மருந்துகளே எலியில் நன்றாக வேலை செய்துவிட்டு மனிதரிடம் சிகிச்சையாக நிலைக்கவில்லை. இதில் கஷாயம் எந்த மூலைக்கு.

மசாஜ் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வீங்கிய கையை மெதுவாக மேல்நோக்கி நீவி நீரை நகர்த்துவது உண்மையான சிகிச்சைதான், பயிற்சி பெற்றவர்கள் சொல்லித்தருவார்கள். அது வீக்கத்துக்கு. புற்றுக் கட்டியை எண்ணெய் போட்டு நீவுவது வேறு, அதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, "அந்தக் கையால் குடம் தூக்காதே" என்று அம்மாவை 3 வருடம் மிரட்டி வைத்தோம். 2009-லேயே அமெரிக்காவில் கை வீங்கிய பெண்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள், வீக்கம் கூடவில்லை. தொந்தரவு குறைந்ததுதான் மிச்சம். இது தெரிந்த பிறகு அம்மா சந்தோஷமாகக் குடம் தூக்கவில்லை, "இத்தனை நாள் நீ தூக்குனல்ல, இனியும் தூக்கு" என்றார்.

03.09.2024, இரவு 9.00

தம்பி அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். இது என் பழைய தொழில் என்பதால் வரிவரியாகச் சொல்கிறேன்.

நாக்குக் கட்டி 2.1 செ.மீ. ஆழம் 7 மி.மீ. ஓரங்கள் சுத்தம், அதாவது வெட்டிய எல்லையில் நோய் இல்லை. கழுத்திலிருந்து 31 கணு. நோய் இருப்பது 2. பெரியது 6 மி.மீ. உறையைத் தாண்டவில்லை.

கடைசி வாக்கியத்தை 4 முறை படித்தேன். தாண்டியிருந்தால் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்ந்திருக்கும்.

ஸ்கேன் "சுத்தம்" என்று சொன்ன அதே கழுத்து. 6 மில்லிமீட்டர் கணு, ஒரு மொச்சைக்கொட்டைகூட இல்லை. நான் முதல் நாள் இரவு எழுதியதைக் கேட்டு நீங்கள் டாக்டரை மறுத்திருந்தால்? யோசிக்கவே பிடிக்கவில்லை. அந்தப் பதிவை அழிக்கலாமா என்று நினைத்தேன். அழிக்கவில்லை, இருக்கட்டும், படிக்கிறவர்கள் அதற்குக் கீழே உள்ளதையும் படிக்கட்டும்.

2 கணு என்பதால் கதிர்வீச்சு வேண்டும். அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், ஊர்த் திருவிழா, காதுகுத்து என்று தள்ளாதீர்கள். 22 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் அக்டோபர் 3. அதற்கு முன் பல் டாக்டர். சொத்தைப் பல்லை இப்போதே எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

சென்டினல் கணு வாய்க்கும் செய்யலாமே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். செய்யலாம். பிரான்சிலும் ஜப்பானிலும் ஒப்பிட்டுப் பார்த்து 2020, 2021-ல் வெளியிட்டார்கள், கழுத்தை முழுக்க எடுத்ததற்குக் குறையவில்லை. ஆனால் அதற்குக் கதிரியக்க மருந்து, கருவி, பழகிய கை எல்லாம் வேண்டும். அது இருக்கிற இடத்தில் கேளுங்கள். இல்லாத இடத்தில் அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

28.09.2024

நேற்றுக் கதிர்வீச்சு தொடங்கியதாம். 30 நாள், சனி ஞாயிறு விடுமுறை. முகத்துக்கு வலைபோல ஒரு முகமூடி செய்து மேசையோடு திருகி வைக்கிறார்களாம். "உறியில மாட்டுன தயிர்ப்பானை மாதிரி" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாராம் சித்தப்பா. ஆள் தேறிவிடுவார்.

20.10.2024

வாய் வெந்து போயிருக்கும், 3-ஆம் வாரத்திலிருந்து அப்படித்தான். ஊறுகாய், புளிக்குழம்பு எல்லாம் நிறுத்துங்கள். ஆறிய கஞ்சி, தயிர், முட்டை. எடை இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள், குழாய் வழியாக ஊட்டச் சொன்னால் மறுக்காதீர்கள்.

15.12.2024, மாலை 4.30

கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம் ஆகிறது. தம்பி எழுதியது: வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சட்டை மாட்டும்போது வலி. கழுத்தில் கணு எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு அதே வழியில் போகிறது. 1906-ல் க்ரைல் என்ற அமெரிக்க சர்ஜன் ஆரம்பித்த பழைய முறையில் அந்த நரம்பையும் பெரிய சிரையையும் தசையையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். இப்போது காப்பாற்றுகிறார்கள், ஆனால் இழுபட்ட நரம்பு கோபித்துக்கொள்ளும். பெரும்பாலும் மாதங்களில் திரும்பும். சுவரில் விரலால் நடந்து ஏறும் பயிற்சி, தினம் 3 வேளை. அம்மாவுக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினேன், குழந்தைக்கு உயரம் குறிப்பதுபோல. அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன, வெள்ளையடிக்க விடவில்லை.

சித்தி கேட்டதாக ஒன்று: வெற்றிலைப் பெட்டியை என்ன செய்வது, பித்தளை, மாமனார் காலத்தது. எடைக்குப் போடாதீர்கள். ஊசி, நூல், பட்டன் போட்டு வைக்கலாம்.

15.12.2024, மாலை 6.10

பேச்சு பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். நாக்கின் ஓரம் போனால் ழ கஷ்டம்.

15.12.2024, இரவு 8.00

தம்பியின் பதில், அப்படியே: "வாழைப்பழத்தை வாளப்பளம் என்கிறார் அக்கா. எங்கள் தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை."